‘விடு’ என்றது யார்?

உதைபந்தாட்டத்தில் காலால் விளையாடுகிறவன் ஆட்டக்காரன், தொலைபேசியால் விளையாடுகிறவன் மானேஜர். நான் இரண்டும் விளையாடியவன். கொழும்பில் ஒரு கம்பனி அணிக்குச் சம்பளத்துக்குப் பந்தடித்தேன். தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்து சம்பளமில்லாமல் மானேஜரானேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு பேரைத் திரட்டிப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், இதை வாசிக்கும்போது தாராளமாகப் பெருமூச்சு விடலாம். மற்றவர்கள் சிரிக்கலாம்.

நகர லீக்கின் கடைசிப் பிரிவில் எங்கள் மல்வேர்ன் அணிக்கு அது முதல் வருடம். சேரும்போதே சொல்லிவிட்டார்கள்: கோடை முடியும்போது கடைசி இடத்தில் நிற்கிற அணிக்கு மறுவருடம் இடமில்லை. வேறு அணிகள் வாசலில் காத்து நின்றன. வாரம் முழுக்கக் கோப்பை கழுவி, பெட்டி தூக்கி, பஸ்ஸில் நித்திரை கொள்கிற எங்கள் பெடியளை யாராவது பெயர் சொல்லி உற்சாகமாகக் கூப்பிடுகிற நாள் அந்த ஞாயிறு ஒன்றுதான். அதை ஒருத்தரும் பறிக்க விடமாட்டேன் என்றிருந்தேன். என்னால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகப்படுகிற வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆளும் காலும்

எங்கள் இடது பக்கத்து ஓட்டக்காரன் சிறிக்கு ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. முதல் மாட்ச் அன்று காலை அவன் வீட்டுக்குத் தொலைபேசி அடித்தேன். மனைவி எடுத்தார். ஆள் இப்போதுதான் வந்து சரிந்தது, எழுப்ப மனம் வரவில்லை என்றார். நானும் விடவில்லை. சிறியின் வேகம் வேறு யாரிடமும் இல்லை, இன்றைக்கு அவருடைய காலை நம்பித்தான் முழு அணியும் நிற்கிறது என்று நயமாக எடுத்துச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணை, ஆளை எழுப்பேலாது. கால் மட்டும் போதுமெண்டால் வந்து கழட்டிக்கொண்டு போங்கோ.”

ஒரு சொல், இரண்டு பொருள்

சிறி இல்லாமலே ஆடினோம். கோல் காப்பவன் சேவியர். மன்னார்ப் பெடியன். பார்க்டேலில் இருந்து ஸ்ரீட்கார், சப்வே, பஸ் என்று மாறி மாறி வந்தாலும் முதல் ஆளாக நிற்பான். அவனுக்கு முன்னால் பின்வரிசையில் குகன். உயரம், பலம், கீழ்ப்படிவு மூன்றும் உள்ளவன். மூன்றாவதுதான் பிரச்சினை.

பந்து எங்கள் கோலை நோக்கி மெதுவாக உருண்டு வந்தது. சேவியர் முன்னுக்கு ஓடிவந்து “விடு” என்று கத்தினான். தொடாதே, நான் பிடிக்கிறேன் என்பது அவன் கருத்து. ஆனால் நம்மூரில் உதையும் விடுவதுதான், அறையும் விடுவதுதான். குகன் முழுப்பலத்தோடு ஒன்று விட்டான். பந்து சேவியரின் நெஞ்சில் பட்டு, அவனைத் தாண்டி எங்கள் வலைக்குள்ளேயே போனது. தோற்றோம்.

என்னடா செய்தாய் என்று கேட்டேன். குகன் நிமிர்ந்து நின்று சொன்னான்: “விடு எண்டான் அண்ணை. விட்டனான்.”

அன்றைக்கே சட்டம் போட்டேன். இனி ‘விடு’ என்றால் தொடாதே. உதைக்க வேண்டுமென்றால் ‘அடி’.

சம்பள ஆட்டக்காரர்

இன்னொரு ஞாயிறு பத்துப் பேர்தான் வந்தார்கள். பதினொராவது ஆளாக நானே இறங்கினேன். வயது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. ஆனால் ஆட்டம் தெரிந்தவன் ஓடத் தேவையில்லை, பந்து வருகிற இடத்தில் முன்கூட்டியே நின்றால் போதும் என்பது என் கொள்கை. அன்றைக்குப் பந்துக்கு என் கொள்கை தெரியவில்லை. ஒரே இடத்தில் நின்று கையைக் காட்டிக் காட்டி மற்றவர்களை ஓட வைத்தேன். அப்படியும் வென்றோம். அதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

கோட்டுக்கு வெளியே கதிரை போட்டிருந்த ஒரு அங்கிள், ஆட்டம் முடிந்ததும் கிட்ட வந்து விசாரித்தார்: “தம்பி, நீர் கொழும்பில காசுக்கு விளையாடினனீர் எண்டு சொல்லினம். நிக்கிறதுக்கோ தந்தவை?”

மனுவேலின் தமிழ்

கோடையின் நடுவில் ஒரு போர்த்துக்கீச அணியோடு மோதினோம். அவர்களின் முன்வரிசைக்காரன் மனுவேலும் எங்கள் குகனும் ஒரே உணவகச் சமையலறையில் வேலை. சூடான சட்டியில் கை வைக்கப் போகிறவனைத் தடுக்க குகன் கத்துகிற ‘விடு’வை அவன் அங்கேயே படித்திருந்தான்.

ஆட்டம் சமநிலையில் இருந்தது. குகன் பந்தை அடிக்கக் காலை ஓங்கினான். பின்னாலிருந்து “விடு” என்று ஒரு குரல். என் சட்டத்தை மதித்து குகன் காலை இறக்கினான். மனுவேல் பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டான்.

நான் மைதானத்துக்குள் பாய்ந்தேன். எதிரணியை ஏமாற்றக் குரல் கொடுப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும், ரெஃபரிக்கும் தெரியும். அவர் வயதான ஸ்கொட்லாந்துக்காரர். தனக்குப் பொருள் தெரியாத சொல்லுக்கு விசில் ஊத முடியாது என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டார். குகன் அழாத குறையாக நின்றான்.

மனுவேல் வந்து அவன் தோளில் தட்டிச் சொன்னான்: “மச்சான், விடு.”

மாதாவே

அந்தத் தோல்வியோடு கடைசி இடத்துக்கு வந்து சேர்ந்தோம். பிறகு ஒன்று வென்று ஒன்று தோற்று அங்கேயே உழன்றோம். கடைசி ஆட்டமும் அதே போர்த்துக்கீசரோடுதான். தோற்காவிட்டால் ஒரு படி மேலே, லீக்கில் இருப்போம். தோற்றால் வெளியே.

‘விடு’வைத் தடை செய்யச் சொல்லி எல்லோரும் நின்றார்கள். நான் மறுத்தேன். எதிரி படித்த சொல்லை எதற்காக எறிய வேண்டும்? பொருளை மாற்றினேன். இனி குகனின் காதில் ‘விடு’ விழுந்தால், யார் சொன்னாலும் உதைக்க வேண்டும். சேவியருக்குத் தன் பந்தைக் கேட்க வேறு சொல் வேண்டுமே என்று நான் சொன்னதும், பதற்றத்தில் தன் வாயில் தானாக வருகிற சொல் இரண்டுதான், ஒன்று ‘விடு’, மற்றது ‘மாதாவே’ என்றான் அவன். மற்றதையே எடுத்துக்கொண்டோம். சிவன் கோயில்காரனான குகன் ஏற்பானோ என்று யோசித்தேன்.

அவன் சொன்னான்: “நல்ல சொல் அண்ணை. மாதாவே எண்டு கேட்டால் ஆர் காலைத் தூக்குவான்?”

கடைசி ஞாயிறு

மழை தூறியது. சிறி தூங்காமலே ஒஷாவாவில் இருந்து நேராக வந்து ஒரு கோல் போட்டான். மனுவேல் ஒன்று போட்டான். சேவியர் ‘மாதாவே, மாதாவே’ என்று பந்தைப் பிடித்துக்கொண்டிருந்ததில், வெளியே நின்ற அங்கிள் அவனுக்கு எங்கோ அடிபட்டுவிட்டது என்று தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார்.

முடிகிற நேரம். சேவியர் சேற்றில் வழுக்கி விழுந்து கிடக்கிறான். பந்து எங்கள் கோலுக்கு முன்னால் எழும்பிக் குகனுக்கு நேரே விழுகிறது. பின்னால் மனுவேல். மனுவேல் அழகான யாழ்ப்பாணத் தமிழில் கத்தினான், “விடு.”

குகன் விட்டான். அப்படி ஒரு உதையை நான் சம்பளத்துக்கு விளையாடிய காலத்திலும் பார்த்ததில்லை. பந்து மைதானத்தையும் வேலியையும் கடந்து தெருவுக்குப் போனது. ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்து நீளமாக ஊதினார். லீக்கில் நின்றுவிட்டோம். சேவியர் சேற்றில் இருந்து எழும்பாமலே அழுதான், நானும்தான்.

மனுவேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குகனிடம் கேட்டான்: “விடு எண்டால் விடு தானே, மச்சான்?”

“ஓம் மச்சான். விட்டனான்.”

அடுத்த கோடையில் மனுவேலை எங்கள் அணிக்கே இழுத்துக்கொண்டேன். சேவியரை விட்டால், ஞாயிறு காலையில் நேரத்துக்கு வருகிற, நான் சொல்கிற தமிழும் விளங்குகிற ஒரே ஆட்டக்காரன் அவன்தான்.