எருக்கு கட்டிய ஜீப்

ஏரிச் சேறு காலில் காய்ந்தால் தோலைப் பிடித்து இழுக்கும். முழங்காலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் சாக்ஸ் போட்டதுபோல் ஒட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றித் தேய்க்கும்போது ரோமத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டுதான் போகும். எனக்குப் பதின்மூன்று வயது நடந்த அந்த வருஷம், ஆடியிலும் ஆவணியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் காலில் அந்தச் சேறு இருந்தது. என் தம்பி பாபுவின் காலில் இருந்ததில்லை. அவன் வண்டியை விட்டு இறங்கியதே இல்லை. நான் சொல்ல வருவது அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

அப்போது பம்மலில் இருந்தோம். அப்பா ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது, டிவியைப் பக்கவாட்டில் தட்டினால்தான் படம் வரும், ஆனால் வாசலில் ஒரு ஜீப் நின்றது. ஏதோ ஆபீசில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி. சனிக்கிழமை முழுக்க அது ஜாக்கி மேல் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகும், திங்கட்கிழமை மறுபடி எங்காவது ஒழுகும். ஒரு வாரம் ஸ்பிரிங் பட்டை உடையும், ஒரு வாரம் ரேடியேட்டர் கக்கும். அம்மா அதற்கு "சக்களத்தி" என்று பேர் வைத்திருந்தாள். விளையாட்டாகச் சொன்னாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி பாபுவுக்குத் தெரியாது. அப்பா வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினால், அவர் வாயைத் திறப்பதற்குள் எந்த ஸ்பேனர் வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று சொல்வேன். பாபு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே "டுர்ர்ர்" என்று ஓட்டுவான். அதைப் பார்த்து அப்பா, "எம் புள்ள பாரு, பொறக்கும்போதே டிரைவரு" என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது.

தாம்பரத்துக்கு மேற்கே இருந்த அந்த ஏரி கோடையில் வற்றிவிடும். ஆடியில் சாயங்கால மழை நாலு அடித்த பிறகு, மேலே அப்பளம் மாதிரி காய்ந்தும் உள்ளே களியாகவும் கிடக்கும். அங்கேதான் அப்பாவும், அவரைப்போலவே ஜீப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேரும் கூடுவார்கள். அவர்களில் பல்லாவரத்தில் அச்சகம் வைத்திருந்த செல்வராஜ் மாமாவும், வெல்டிங் பட்டறை வைத்திருந்த காதர் பாயும் முக்கியமானவர்கள். எந்த அவசியமும் இல்லாமல் நல்ல வண்டியைச் சேற்றில் இறக்குவார்கள், ஏற்றுவார்கள், மறுபடி இறக்குவார்கள். ஏறிவிட்டால் ஏதோ நாட்டைப் பிடித்த மாதிரி சிரிப்பார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சேற்றில் மாட்டிக்கொண்டு, அடுத்தவன் கயிறு கட்டி இழுத்துத்தான் வெளியே வந்தான் என்றால், அந்த வண்டியின் முன் பம்பரில் ஓர் எருக்கங்கிளையைக் கட்டவேண்டும். எவன் ஸ்டீரிங்கில் இருந்தானோ அவன்தான் ஒடித்து, அவன் கையாலேயே கட்டவேண்டும். வீடு போய்ச் சேரும்வரை அவிழ்க்கக்கூடாது. எருக்கு கட்டிய ஜீப் பம்மல் கடைத்தெரு வழியாகப் போனால் டீக்கடையில் நிற்கிறவன் வரைக்கும் விஷயம் தெரிந்துவிடும். "இன்னா பாய், இன்னிக்கு எருக்க மாலை உங்குளுக்கா?" என்று கேட்பான். அப்பாவின் வண்டியில் அதுவரை எருக்கு ஏறியதில்லை. அதில் அவருக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஏரியில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஜீப்பின் முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் கைக்கு அடங்கும் அளவில் ஒரு வட்டத் திருகு இருக்கும். "ஹப்பு" என்போம். ரோட்டில் போகும்போது அதைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். ஏரிக்கரைக்கு வந்ததும் ஒருவர் இறங்கி இரண்டையும் திருகிப் பூட்டவேண்டும். பூட்டினால்தான், உள்ளே லீவரைத் தள்ளும்போது நாலு சக்கரமும் இழுக்கும். பூட்டாமல் லீவரை மட்டும் தள்ளினால் ஒன்றும் நடக்காது. பின்சக்கரம் மட்டும் சுற்றிச்சுற்றித் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். இறங்கித் திருகுவது என் வேலை. சேற்றில் கால் வைப்பதும் என் வேலை. காதர் பாய் இதைப் பற்றி அடிக்கடி ஒன்று சொல்வார்: "ஓட்றவன்தான் எறங்கித் தொட்டுப் பாக்கணும். அடுத்தவன் போட்டேன்னு சொன்னான்னு நம்பிப் பூந்தா எருக்குதான்." எல்லோரும் தலையாட்டுவார்கள். யாரும் இறங்கமாட்டார்கள்.

அந்த வேலையை நான் முகம் சுளிக்காமல் செய்ததற்குக் காரணம் இருந்தது. "பன்னெண்டு முடியட்டும் கவி, ஸ்டீரிங்க உங்கையில குடுக்கறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அவராகச் சொன்னார், நான் கேட்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு முடிந்தது. அடுத்த மாதமே நான் பெரியவளானேன். அம்மா சொன்னாள்: "வயசுக்கு வந்த பொண்ணு ஆம்பளைங்களுக்கு நடுவுல ஜீப்பு ஓட்டினு திரிஞ்சா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். சேற்றில் இறங்கி ஹப்பு போடுவதற்கு மட்டும் வயது ஒரு தடையாக இருக்கவில்லை. அப்போது அந்த நாலு பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தார். பாபுவை ஸ்டீரிங்குக்குத் தள்ளினார். அவனுக்குப் பதினோரு வயது. கால் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தலையணையை வைத்தார். அந்தத் தலையணையை வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார் என்றால், இது அங்கே வந்து தோன்றிய யோசனை இல்லை. வீட்டிலேயே முடிவு செய்த விஷயம். எனக்குத்தான் சொல்லவில்லை.

"கவி, எறங்கி ஹப்ப போடு" என்றார்.

இறங்கினேன். வலப்பக்கச் சக்கரத்தின் முன் குனிந்தேன். திருகின்மேல் கை வைத்தேன். திருகவில்லை. இடப்பக்கம் போனேன், குனிந்தேன், அதிலும் கை வைத்தேன், எழுந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றோ சின்ன வயசு என்றோ சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. தெரிந்துதான் செய்தேன். அவன் மாட்டவேண்டும், எல்லோர் முன்னாலும் அவன் கையால் எருக்கு ஒடிக்கவேண்டும், பிறக்கும்போதே டிரைவர் என்ற அந்தப் பேச்சு அன்றோடு நிற்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"போட்டுட்டேன்பா" என்றேன்.

பாபு இறங்கிப் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. லீவரைத் தள்ளிவிட்டு வண்டியை உள்ளே விட்டார்கள். இருபதடி போயிருக்கும். மேலே காய்ந்திருந்த ஏடு உடைந்து, பின்சக்கரம் இரண்டும் களியில் இறங்கின. பாபு பயந்துபோய் ஆக்சிலரேட்டரை மிதித்தான். மிதிக்க மிதிக்கச் சேறு விசிறியடித்ததே தவிர வண்டி ஓரடி நகரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

கரையில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். "இன்னாண்ணா, எரும குளிக்கற மாதிரி குந்திகினு கீது உங்க வண்டி?" என்று காதர் பாய் கத்தினார். "சோப்பு வாங்கியாரட்டுமா?" என்றார் செல்வராஜ் மாமா. பாபு ஸ்டீரிங்கில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தான். எனக்கு நெஞ்சு ஜில்லென்று இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

அப்பா பேன்ட்டை மடித்துவிடாமலே சேற்றில் இறங்கினார். முன்சக்கரத்தில் அப்பியிருந்த களியை உள்ளங்கையால் வழித்தார். திருகைப் பார்த்தார். சுற்றிப்போய் அடுத்த சக்கரத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கரையில் நின்ற என்னைப் பார்த்தார்.

"போட்டியா கவி?"

"போட்டேன்."

அவர் மறுபடி குனிந்தார். இரண்டையும் அவரே திருகினார். உடம்பால் மறைத்துக்கொண்டு திருகியதால் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. செல்வராஜ் மாமா, "ஃபோர் வீலு போடலையாண்ணே?" என்று கேட்டதற்கு, "போட்டுதான் இருந்துச்சு. எறங்கன எடந்தான் தப்பு. நாந்தான் காட்டினேன்" என்றார்.

காதர் பாயின் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். முதல் கயிறு அறுந்தது. இரண்டாவதில் வண்டி வந்தது. பாபு எருக்கஞ்செடியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவனைத் தோளில் தட்டி உட்காரவைத்துவிட்டு, அப்பாவே போய்க் கிளையை ஒடித்து, பால் சொட்டச் சொட்டக் கட்டினார். "ஓட்னது பையன்தானேண்ணே" என்று யாரோ சொன்னதற்கு, "வண்டி என்னுது" என்றார்.

வீடு வரைக்கும் அப்பா ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கை பாபுவின் தோளில் கிடந்தது. தோற்றவனுக்கு அந்தக் கை கிடைத்தது. கடைத்தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமாப்பா, இன்னிக்கு எனுக்குதான்" என்றார். நான் பின்னால் சேற்றுக் காலோடு உட்கார்ந்திருந்தேன். அவன் ஜெயித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பொறாமை வந்திருக்காது.

அன்றிரவு திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அடுத்த ஞாயிறு ஏரிக்கரையில் வண்டி நின்றதும், பழக்கத்தில் நான் இறங்கப்போனேன். "நீ ஒக்காரு" என்றார் அப்பா. அவரே இறங்கி ஹப்பு போட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு, "ஒனுக்குப் பாடம் இருக்குமே, வூட்ல இரு" என்றார். இருந்தேன். அதற்குப் பிறகு அந்த ஏரிக்கு நான் போகவில்லை. ஸ்டீரிங்குக்கு ஆசைப்பட்டு, கையில் இருந்த திருகையும் விட்டேன்.

அவர் ஏன் அப்படிப் பொய் சொன்னார் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். பாபுவைக் காப்பாற்றத்தான் என்று அன்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தோன்றினாலும் கோபம் குறையவில்லை. நாலு அறை விட்டிருக்கலாம். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பன்னிரண்டு வயது முடிந்ததை நான் ஞாபகப்படுத்தியிருப்பேன். அதற்குப் பயந்துதான் அவர் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது நான் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறேன். கார் வைத்திருக்கிறேன். மேடவாக்கம் நெரிசலில் தினமும் ஓட்டுகிறேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஏரியில் பாதி அடுக்குமாடி ஆகிவிட்டது, மீதியைச் சுற்றி வேலி போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள், கேட்டுக்குப் பூட்டும் உண்டு. காதர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஏரி போனதற்காக நான் அழப்போவதில்லை, எனக்கு அது நல்லது எதுவும் செய்யவில்லை. ஜீப் மட்டும் இருக்கிறது. பாபு அதற்குப் புது இன்ஜின் வைத்து, மணல் நிறத்தில் பெயின்ட் அடித்து, வண்டலூர் தாண்டி ஒரு மைதானத்துக்கு ஓட்டிப் போகிறான். அங்கே பொக்லைன் வைத்துப் பள்ளம் தோண்டி, லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிச் சேறு தயார் செய்கிறார்கள். அதில் வண்டி ஓட்ட டிக்கெட் வாங்கவேண்டும்.

போன மாதம் என்னையும் கூப்பிட்டான். போனேன். அவன் மகள் தியா ஓட்டினாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. யாரும் தடுக்கவில்லை, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அவளுடைய அம்மா கேட்கவில்லை, அந்த அம்மாதான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கி, திரும்பி, மேடேறி வந்தது.

"அக்கா, நீயும் ஒரு ரவுண்டு ஓட்டேன்" என்றான் பாபு. "எனக்கு எப்பவுமே தோணும், நம்ம வண்டிய நீ ஓட்டினதே இல்லல்ல?"

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். அதுதான் எரிச்சல். "முதுகு வலிக்குதுடா" என்றேன். அப்பா கையால் கொடுக்கவேண்டியதைத் தம்பி கையால் வாங்க எனக்கு மனம் வரவில்லை. இனி அதைக் கொடுக்கவும் ஆளில்லை, மறுக்கவும் ஆளில்லை.

தியா குதித்து இறங்கி ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அத்தே, பாத்தியா? எப்படி ஓட்டுனேன்?"

"திருப்பத்துல அவசரப்பட்டுட்ட" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. அவள் அவசரப்படவே இல்லை.