லோகநாயகி அடுப்பைப் பற்றவைத்தாள்

சிதம்பரத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் முறுக்குக்கு லோகநாயகியிடம்தான் சொல்லி வைப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எண்ணெய்ச் சட்டியோடு பழகியவள். ஒருநாள் அடுப்பைக் கண்டு நீ பயப்படுவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அன்று காலை வாணலியில் எண்ணெயைக் காய வைத்துவிட்டு, ஆர்டர் சொல்ல வந்தவர்களிடம் வாசலில் நின்று பேசினாள். பேச்சு வளர்ந்துவிட்டது. கருகல் வாடை மூக்கில் ஏறியதும் ஓடினாள். வாணலி முழுக்க நெருப்பு.

மகளிர் குழுக் கூட்டத்தில் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் செய்து காட்டியது நினைவுக்கு வந்ததா, கை தானாகச் செய்ததா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பக்கவாட்டில் கை நீட்டி அடுப்பைத் திருகி அணைத்தாள். பெரிய தாம்பாளத்தை எடுத்தாள். அதற்குள் அவள் புருஷன் திருநாவுக்கரசு ஒரு பக்கெட் தண்ணீரோடு பாய்ந்து வந்தான்.

"வாணாம் மாமா! தண்ணி வாணாம்!"

அவன் காதில் விழவில்லை. தோளால் ஒரே இடி இடித்தாள். பக்கெட் கூடத்தில் கவிழ்ந்தது, அவன் நிலைக்கதவில் முழங்கையை மோதிக்கொண்டு விழுந்தான். அவள் தாம்பாளத்தை வாணலியின் மேல் மெல்லத் தள்ளி மூடினாள். தீ அடங்கியது. சட்டி முழுசாக ஆறும்வரை அதை யாரையும் தொட விடவில்லை.

அன்றிலிருந்து திருநாவுக்கரசு அவளிடம் தெரியாத ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "புருஷன ரோட்டு நாய் மாதிரி தள்ளி உட்டுட்டா" என்று பக்கத்து வீட்டுத் தைலம்மாளிடம் சொன்ன பேச்சும் லோகநாயகியின் காதுக்கு வந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது வேறு. மறுநாள் லைட்டரைக் கையில் எடுத்தாள், பற்றவைக்காமலே கீழே வைத்துவிட்டாள். வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பினாள். கரண்ட் அடுப்பு வாங்கி அதில் சோறு மட்டும் பொங்கினாள். காஸை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் மார்க்கெட்டுக்குப் பாதி வழி போய்த் திரும்பி வந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பாள். கடலூரில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்து தைலம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, சாவி ஒங்ககிட்டதான இருக்கு? ரெகுலேட்டர் மூடியிருக்கான்னு பாத்துச் சொல்லுக்கா."

"ஏண்டி, காலையில கெளம்பறப்ப நீயே ரெண்டு தபா பாத்துட்டுத்தான போன?"

பாயசம் சாப்பிடாமலே கைகழுவினாள்.

திருநாவுக்கரசு குமராட்சி மினிபஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் டிரிப்புக்கு நடுவே டீக்கடையில் நின்றபோது, பஜ்ஜி போடுகிறவரின் கழுத்திலும் கையிலும் தோல் வழுவழுப்பாக இருப்பதைப் பார்த்துக் கேட்டுவிட்டான்.

"எண்ணெ பத்திக்கிச்சு. தண்ணிய ஊத்திட்டேன்" என்றார் அவர். "ஊத்துன ஒடனே தீ ஆள் ஒசரத்துக்கு எழும்பி மேல வந்து உழுந்துச்சுங்க."

அன்று டிக்கெட் கிழிக்க அவனுக்கு மனம் ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றான்.

"அன்னிக்கி நீ தள்ளாம இருந்தா..."

"உடு மாமா."

"நம்ம ரெண்டு பேரும் போயிருப்போம். நான் இன்னாடான்னா ஊரெல்லாம் ஒன்னப் பேசிக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு அவனே குனிந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தான். சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து போய் மறுபடி பார்த்தான். தீப்பிடித்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக லோகநாயகி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மகள் எழிலரசி நனைந்துபோய்ப் பசியோடு காலேஜிலிருந்து வந்து நின்றாள். திருநாவுக்கரசு லைட்டரை எடுத்தான். லோகநாயகி வாங்கிக்கொண்டாள்.

"நீ கிட்டயே நில்லு மாமா. பேசாத."

ஜன்னலைத் திறந்தாள். காஸ் குழாயை விரலால் தடவிப் பார்த்து, ரெகுலேட்டரைத் திறந்தாள். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை நீலமாகப் பற்றியது. உப்புமா கிளறி இறக்கும்வரை மூவரும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

இப்போது மறுபடி முறுக்கு போடுகிறாள், முன்பைப்போல நிறைய இல்லை. எண்ணெய் காய்கிறபோது யார் வந்து கூப்பிட்டாலும் வாசலுக்கு வருவதில்லை. வெளியே கிளம்பினால் இன்னமும் தெருமுனையில் கால் நின்றுவிடுகிறது. சில நாள் அவள் திரும்பி ஓடுகிறாள், சில நாள் அவன்.