சின்ன ஓட்டை கேட்டவர்

1999 ஆகஸ்ட் டைரியில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டின் வரியை எழுதி வைத்திருக்கிறேன்: "நோயாளி அறுவைச் சிகிச்சைக்கு மறுத்து, தன் விருப்பத்தில் வெளியேறினார்." ஆங்கிலத்தில் இருந்த அதை, பெங்களூர் போகும் ரயிலில் அந்த நோயாளிக்கே நான்தான் படித்துச் சொன்னேன்.

அவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் பிடித்தவர். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. ரயில் குலுங்கும்போதெல்லாம் மடித்த துண்டை வயிற்றில் அழுத்திக்கொண்டார்.

"இன்னா பொய் சார் இது! மறுபடியும் வயித்த மொத்தமா கிழிக்கணும்னான் அந்த டாக்டரு. சின்னதா ஓட்டை போட்டு வடிக்க முடியாதான்னு கேட்டேன். பெங்களூர்ல செய்றாங்கன்னு நர்சம்மா சொன்னாங்க. 'நீ டாக்டரா, நான் டாக்டரா'ன்னு கத்தறான்."

"ஓட்டை போதும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

"சுரங்கத்துல பக்கத்து லெவல்ல தண்ணி கட்டிக்கீதுன்னா பாறைய ஒடச்சிடுவோமா? அத்தினி பேரும் காலி! நீள டிரில்லு வச்சி ஓட்டை போட்டு, தண்ணிய வடியவுட்டுதான் அடுத்த வேலை. பாறைக்குக் குடுக்கற மரியாத என் வயித்துக்கு இல்லியா?"

சீட்டைத் திருப்பி நீட்டினார். "பின்னாடி எழுதுங்க சார். மறுக்கல, கேட்டேன்னு. தேதியும் போடுங்க. இத்தப் பாத்துட்டு அங்கயும் தொரத்திடப் போறாங்க."

கேள்வி கேட்டதையா மறுப்பு என்று எழுதுவார்கள்? பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். ரயில் குலுக்கலிலேயே கையெழுத்துப் போட்டார். அதைப் படிக்க முடியவில்லை. பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

நந்திதுர்க் டிரில்காரர் ஒருவருக்குப் பெங்களூரில் சின்ன ஓட்டை போட்டே சீழை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் கேள்விப்பட்டேன். அது இவர்தானா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.