பத்து எண்ணுவதற்குள் வரும் ஹெலிகாப்டர்

“அது எனக்காகத்தானே வந்துச்சி?” என்று என் மகள் கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாதங்கள் போய்விட்டன. அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவளுக்கு ஆறு வயது. வீசிங் உண்டு. ஈரக்காற்று, தூசி, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடி, எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் இன்ஹேலரை ஒரு பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, குழாயின் மறுமுனையில் அவள் வாயை வைத்து, மருந்தை மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். மூச்சே கிடைக்காத குழந்தையிடம் மூச்சை அடக்கு என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று எண்ணுவதற்குள் குழாயைத் தட்டிவிட்டு அழுவாள். அழுதால் இழுப்பு இன்னும் கூடும்.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்தத் தொடர் வந்தது. தமிழில் குரல் கொடுத்த கார்ட்டூன். அதில் ஒரு சாம்பல் நிற ஹெலிகாப்டர். வெள்ளத்திலோ தீயிலோ யாராவது மாட்டிக்கொண்டு பத்து எண்ணினால் போதும், பத்து முடிவதற்குள் கடலைத் தாண்டி வந்து நிற்கும். பெட்ரோல் போடவே வேண்டாம். என் மகள் வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள்.

ஒருநாள் மருந்து கொடுக்கும்போது, யோசிக்காமல், “எண்ணு, ஹெலிகாப்டர் வரட்டும்” என்றேன். கண்கள் விரிய, மூச்சை அடக்கிக்கொண்டு, விரல்களை மடக்கிப் பத்து வரை எண்ணிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மருந்துக்கு அழுகை இல்லை.

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை செய்கிறார். எந்த இயந்திரத்தைப் பற்றியும் தப்பாகச் சொன்னால் பொறுக்கமாட்டார். “நெசம்னு நம்பிக்கினு இருக்கப் போறா, பாத்துக்கோ” என்றார். நானும் இயற்பியல் படித்தவள்தான். அவர் சொன்னதிலிருந்து மனம் கேட்காமல் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். நிஜ ஹெலிகாப்டருக்கு ஒரு வேக எல்லை இருக்கிறது. முன்னால் பறக்கும்போது சுழலும் இறக்கைகளில் ஒரு பக்கத்து இறக்கை எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிறது. மறுபக்கத்து இறக்கை காற்றோடு சேர்ந்து பின்வாங்குகிறது. வேகம் கூடக்கூட, பின்வாங்கும் பக்கம் தூக்கும் பலத்தை இழக்கிறது. ஒரு அளவுக்கு மேல் போனால் நிலை தடுமாறும். இதைத் தாண்டத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகளும், பின்னாலிருந்து தள்ள ஒரு விசிறியும் வைத்துப் புதிய ஹெலிகாப்டர்கள் செய்து பார்க்கிறார்கள். அவையும் சாதாரணப் பயணி விமானத்தின் வேகத்தை எட்டுவதில்லை. இதையெல்லாம் அவளுக்குப் படம் வரைந்து சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் பத்து வரை எண்ணமாட்டாளோ என்று பயந்து விட்டுவிடுவேன்.

ஊரில் ஒரு கோவிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோபுரத்தின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவப் போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டி எல்லாத் தெருவிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டோ எங்கள் செவிலிமேட்டுக்கு வந்தபோது நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். தெரிந்தால் போகலாம் என்று அடம்பிடிப்பாள். யாகசாலைப் புகையும் கூட்டமும் அவளுக்கு ஆகாது. அவளுடைய நல்லதுக்குத்தான் மறைத்தேன்.

கும்பாபிஷேகத்தன்று காலையில் அவளுக்கு இழுப்பு வந்தது. வீட்டில் கொடுத்த மருந்துக்கு அடங்கவில்லை. கணவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தார். ஆட்டோ பிடித்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். கோவிலைச் சுற்றிய ரோடுகளையெல்லாம் போலீஸ் அடைத்திருந்தார்கள். ஆட்டோக்காரர் நெசவாளர் தெரு வழியாகப் பூந்துவிடலாம் என்றார். தெருவுக்குள் திரும்பியதும் பிரேக் போட்டார்.

“பாவு போட்டுக்கினு இருக்காங்கமா. இனிமே வண்டி போவாது” என்றார்.

தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவின் நீளத்துக்குச் சிவப்புப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நனைத்த பாவு; வெயில் ஏறுவதற்குள் சிக்கெடுத்து முடிக்க வேண்டும், கும்பாபிஷேகம் என்று காத்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் சந்து பாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் வரிசையாக பைக்குகள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். விரித்த பாவைத் தாண்டக்கூடாது, அதன்மேல் கை படக்கூடாது என்று கேட்டே வளர்ந்தவள். தெருவின் கடைசிவரை போய்ச் சுற்றி வரலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தோளில் அவள் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று சத்தம் போட்டது.

அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாமா யோசிச்சிக்கினு நிக்கிற? புள்ள ஒதட்டப் பாரு. தூக்குங்கபா, அவ அடியில வரட்டும்.”

ஆண்கள் இருவர் பாவை உயர்த்திப் பிடித்தார்கள். நான் குனிந்து நுழைந்தேன். இழைகளின் வழியே வெளிச்சம் சிவப்பாக விழுந்தது. அடியில் இருக்கும்போதே தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

மறுபக்கம் ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து குழாயை அவள் வாயில் வைத்தேன். சத்தம் தலைக்குமேல் வந்துவிட்டது. கோபுரத்தைச் சுற்றி வந்த ஹெலிகாப்டர் எங்கள் தெருவின் மேல் தாழ்வாகத் திரும்பியது. அவள் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

“வந்துடுச்சிமா. மருந்து வேணாம்.”

நான் மீண்டும் வைத்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் உதடு நிறம் மாறியிருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினாள். பூவிதழ்கள் கொட்டின, அவள் தலையில், என் மடியில், ஈரப் பாவின்மேல். பிறகு ஹெலிகாப்டர் கோவில் பக்கமே போய்விட்டது.

“கோபுரத்துக்குப் போடுடான்னா நம்ம பாவுக்கு அபிஷேகம் பண்ணிட்டுப் போறான்” என்று ஒருவர் சொல்ல, சிரித்தார்கள். “வாய மூடுங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குது” என்று அந்தப் பெண் அதட்டினார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். அழ ஆரம்பிக்கும் முகம். அழுதால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படம் வரைந்து சொல்லும் நேரமா அது? “ஆஸ்பத்திரி மாடில எறங்கி நிக்கும்டா. பத்து எண்ணினாத்தான் ஏத்திக்குவாங்க” என்றேன்.

குழாயை வாங்கிக்கொண்டாள். இழுத்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரல்களை மடக்கினாள்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. அப்போதுதான் மாஸ்க்குக்குள்ளிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். உள்ளங்கையில் கசங்கிய ஒரு ரோஜா இதழ் இருந்தது. நான் மாஸ்க்கின் ரப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். டாக்டரம்மா உள்ளே வந்தார், பேச்சு அப்படியே மாறிவிட்டது. மாடியில் ஹெலிகாப்டர் நிற்கிறதா என்று அவள் கேட்கவேயில்லை; நிற்கிறது என்றே நம்பிவிட்டாள் போல. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் ஹெலிகாப்டர் கதையைத் தனியாகச் சொன்னேன். எதைச் சொன்னால் மருந்தை இழுக்கிறாளோ அதைச் சொல்லுங்கள் என்றார். கணவரிடம் சொன்னேன். இப்போதே உண்மையைச் சொல்லிவிடு, இன்னொரு தடவை வானத்தில் ஏதாவது பறந்தால் என்ன செய்வாய் என்றார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது.

போன வாரம் லேசாக இழுப்பு வந்தது. குழாயைக் கொடுத்தேன். இழுத்தாள், எண்ணினாள். பத்து முடிந்தது. மூச்சை விடவில்லை. கண் ஜன்னலில் இருந்தது. விரல்களை மறுபடியும் முதலிலிருந்து மடக்க ஆரம்பித்தாள். முகம் சிவந்தது. நான் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் விட்டாள்.

“சத்தம் இன்னும் கேக்கலையேமா” என்றாள்.

வீசிங் உள்ள குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த ஹெலிகாப்டர் வராது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு, அடுத்த தடவை அவள் எதற்காகப் பத்து வரை எண்ணுவாள்? மழைக்காலம் வருவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.