சம்பந்திக்குச் செய்த நாற்காலி

என் அக்காவின் மாமனாருக்கு வெள்ளைக்காரச் சாமான் என்றால் பைத்தியம். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு லாஸ்பேட்டைக்குத் திரும்பியவர். பிரெஞ்சுக்காரர்களே கொடியை இறக்கிக்கொண்டு கப்பல் ஏறிய பிறகும் அவர் மட்டும் வீட்டுக்குள் பூட்ஸைக் கழற்றவில்லை. கல்யாணப் பேச்சின்போது, "வெள்ளக்காரன் வூட்டு நாற்காலி ஒண்ணு சீர்ல வந்துடணும்" என்று கேட்டார். மில்லில் தறி ஓட்டிய என் அப்பா, கூட்டத்தின் உற்சாகத்தில், "அதுக்கின்னா, குடுத்துட்டா போவுது" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாய்தான் வினையானது. வளைகாப்பு முடிந்தும் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. முடியாது என்றும் சொல்லமாட்டார். அப்பா அழைக்கப் போகும்போதெல்லாம் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உக்காருங்கன்னு சொல்ல வூட்டுல ஒரு நல்ல நாற்காலிகூட இல்ல பாருங்க சம்பந்தி" என்பார். அப்பா நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பி வருவார். அக்காவுக்கோ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தப் பூட்ஸில் புளியைக் கரைத்து ஊற்றியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரைவிட்டுப் போகும் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் சாமான்கள் கடற்கரைப் பக்கம் ஏலத்துக்கு வந்தன. அப்பாவோடு நானும் போனேன். கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி எதன் விலையையும் எங்களால் நெருங்க முடியவில்லை. கடைசியாக ஒரு நாற்காலி வந்தது. நல்ல தேக்கு, அகலமான கைகள், முதுகில் திராட்சைக் கொத்து செதுக்கியிருந்தது. உட்காரும் இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை. அப்பா கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மில்லுக்காரனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம் என்று சிரிப்பதாக அப்பா எடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தலையில் வைத்து முத்தியால்பேட்டைவரை வீறாப்பாக நடந்தார்.

பிரம்பு அறுந்துபோன ஓட்டை என்று வீட்டில் ஒருமனதாக முடிவு செய்தோம். உடைந்த கண்ணாடிச் சில்லால் பழைய பூச்சைச் சுரண்டுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் என் வேலை. என் விரல் நுனியெல்லாம் எரிந்தது. அப்பா ஓட்டையைச் சுற்றித் துளை போட்டுப் புதுப் பிரம்பு பின்னினார். நூலுக்குப் பழகிய கை அது. பிரம்பு வளைய மறுத்தபோதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். சம்பந்தியைத் திட்ட முடியாத குறையை அதில்தான் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மெருகுக்காக அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பூசியதும் நாற்காலி புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. உட்காரும் பலகைக்கு அடியில், எதையோ உள்ளே தள்ளி வைப்பதற்கு இரண்டு பக்கமும் சட்டம் அடித்திருந்தது.

"தொப்பி வெக்கறதுக்கா இருக்கும். வெள்ளக்காரன் தொப்பி இல்லாம எங்க போவான்?" என்றார் அப்பா. நான் அந்த அளவுக்கு ஒரு பலகையை அறுத்து, தேய்த்து, உள்ளே செருகினேன்.

மாட்டு வண்டியில் கொண்டுபோய் இறக்கியபோது மாமனார் வாசலுக்கே வந்துவிட்டார். தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அடியில் இருந்த பலகை தொப்பிக்கு என்று அப்பா சொன்னதும், அதில் தம் பட்டாளத்துத் தொப்பியை பயபக்தியோடு வைத்தார். பிறகு உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"சைகோன்ல எங்க பட்டாளத்துக் கப்பித்தேன் இதே மாதிரி நாற்காலியிலதான் உக்காந்து உத்தரவு போடுவாரு. அக்கம்பக்கத்துல சொல்லி அனுப்பியிருக்கேன். எல்லாரும் வந்து பாக்கட்டும்."

"அப்ப பொண்ண அழைச்சிக்கினு போறோம் சம்பந்தி" என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

"இன்னா அவசரம்? நாள் பாத்து அனுப்பறேன்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அப்போதுதான் மாமியார் காப்பியோடு வந்தார். அவரும் சைகோனில் இருந்தவர். அங்கே ஒரு துரையின் வயதான தாய்க்குப் பணிவிடை செய்தவர். நாற்காலியைக் கண்டதும் அப்படியே நின்றார். குனிந்து அடியில் பார்த்தார்.

"இன்னாடி பாக்கறே?" என்றார் மாமனார்.

"இதுக்கு அடியில ஒரு பீங்கான் சட்டி இருக்கணுமே, அது எங்கன்னு பாக்கறேங்க."

"சட்டியா? எதுக்கு?"

"கெழவியால கக்கூசுக்கு நடக்க முடியாதுன்னு தெனம் காலையில இந்த மாதிரி ஒண்ணுலதான் உக்கார வெப்பேன். நீங்க தொப்பி வெச்சிருக்கீங்களே, அங்கதான் சட்டி இருக்கும். ஏங்க, உங்க கப்பித்தேனுக்கும் கால் வெளங்காதா?"

மாமனார் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை, பாதியில் நின்றார். உள்வாசலில் நின்றிருந்த அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். எனக்குக் கிலி பிடித்தது. இந்த மனிதர் இனி அக்காவை வாசற்படி தாண்ட விடமாட்டார். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

"பிடிக்கலைன்னா சொல்லுங்க மாமா, வண்டி வாசல்லதான் நிக்குது. இப்பவே ஏத்திக்கினு போயிடறோம். ஆனா பாக்க வர்றவங்க, ஏன் திருப்பி எடுத்துக்கினு போறீங்கன்னு வழியில கேட்டா இன்னா சொல்லட்டும்?"

தெருவில் பேச்சுக்குரல் கேட்டது. அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார்.

"வண்டிய எதுக்கு வெறுமனே திருப்பறது? பொண்ண ஏத்திக்கினு கெளம்புங்க. சீக்கிரம்" என்றார்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்தியபடி உள்ளே ஓடி, அக்காவின் பெட்டியை அவரே தூக்கிவந்தார்.

வண்டி லாஸ்பேட்டையைத் தாண்டும்வரை அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பாகூட எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்கினார். ஒருவழியாக ஓய்ந்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வூட்டுக்குப் போனதுலேர்ந்து நான் சிரிச்சது இன்னிக்கித்தாம்பா" என்றாள்.

அதன் பிறகு அப்பா சிரிக்கவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டும்படி வண்டிக்காரரிடம் சொன்னார்.