மேல்வீட்டு மஞ்சள் சட்டி

சவுந்தரநாயகம் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருடம் கணக்கும் கடிதமும் எழுதும் கிளாக்காக இருந்தவர். அந்த இருபது வருடத்தில் ஒரு தாளைக்கூடத் தொலைத்ததில்லை என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். தொண்ணூற்றாறில் அவர் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது சங்கமும் இல்லை, வேலையும் இல்லை. பெருமையை மட்டும் விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மனைவி அருந்ததிக்கு மருதானையில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. ஆகவே இரண்டேகால் வயது மகள் சாம்பவி தகப்பனின் பொறுப்பாகிவிட்டாள். ஒன்றுக்கு இரண்டுக்கு அவளைச் சட்டியில் இருக்கப் பழக்குவதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்தது. இதிலென்ன இருக்கிறது, ஒரு வாரத்தில் முடிக்கிற அலுவல் என்று அவர் நினைத்தார். பாவம் மனுசன்.

மூடியோடு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் சட்டி வாங்கினார். ஒரு கொப்பியில் கோடு கீறி, நேரம், குடித்த தண்ணீர், பலன் என்று தலைப்பும் போட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பிள்ளையைச் சட்டியில் இருத்தி, தான் எதிரே ஒரு குட்டி ஸ்டூலில் குந்தி, பல்லிடுக்கால் ‘ஸ்ஸ்ஸ்’ என்பார். பிள்ளை அவரையே வேடிக்கை பார்க்கும். அவருக்குத்தான் முட்டிக்கொண்டு வரும். ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தால் சட்டி காய்ந்து கிடக்கும், நிலம் நனைந்திருக்கும்.

நாலாம் நாள் சாம்பவி உண்மையாகவே சட்டியில் பெய்தாள். மனுசன் துள்ளிக் குதித்துக் கைதட்டிப் போட்ட கூச்சலில் பிள்ளை வெருண்டெழுந்து சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவள் அந்தச் சட்டிக்குக் கிட்டவும் போகவில்லை.

“நீங்கள் ஏன் கத்தினனீங்கள்? பிள்ளை பயந்துபோச்சு. கொஞ்ச நாளைக்குச் சும்மா விடுங்கோ, தன்ரபாட்டில இருப்பாள்” என்றாள் அருந்ததி.

“உமக்குத் தெரியாது, இஞ்சரும். இடையில விட்டா பழக்கம் விட்டுப்போம்.”

இல்லாத பழக்கம் எப்படி விட்டுப்போகும் என்று அருந்ததி கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சாம்பவி ஒன்றுக்கிருக்கத் தனக்கென்று ஜன்னலோரம் ஒரு மூலையைத் தெரிந்தெடுத்தாள். அங்கேதான் தொல்லை தொடங்கியது. அவர்கள் இருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்தட்டு அறை. நிலம் பலகை. அந்த மூலைப் பலகைகளுக்கு நடுவில் விரல் நுழைகிற வெடிப்பு. அதற்கு நேர் கீழே வீட்டுக்காரி றோஸியின் தையல் மெசின். றோஸி கலியாண உடுப்புத் தைப்பவள். ஒரு நாள் மத்தியானம் அவள் ஒரு வெள்ளைச் சாட்டினைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள்.

“மிஸ்டர் நாயகம், பாருங்க இதை. சனிக்கிழமை சேர்ச்சுக்குப் போற வெட்டிங் ஃப்ரொக். இனி ஒரு சொட்டு என்ட மெசின்ல விழுந்தா நீங்க வேற வீடு பாருங்க. மாதா மேல சத்தியமாச் சொல்றேன்.”

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அப்போது கொழும்பில் ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதோடு, வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தால்தான் பொலிஸில் பதிவுத் தாள் கிடைக்கும். தாள் இல்லாதவரைப் பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆக, மூன்று பேர் தலைக்கு மேலிருந்த கூரை சாம்பவியின் குட்டி வயிற்றை நம்பி நின்றது. அன்று முதல் அவர் தோளில் துவாயோடு, கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அந்த மூலையைக் காவல் காத்தார்.

பதிவுத் தாளையும் காக்க வேண்டியிருந்தது. மேசை லாச்சியில் வைத்தால் சாம்பவி இழுத்துப் போடுவாள். கட்டிலுக்குக் கீழே வைத்தால் சப்புவாள். ஒரு தடவை கூப்பன் அட்டையையே கிழித்துவிட்டாள். ஆமிக்காரர் வந்து கேட்டால் சட்டென்று எடுக்கவும் வேண்டும். நாயகம் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளை தொடாத பொருள் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மூன்றுதரம் கழுவித் துடைத்து, தாளை நாலாக மடித்து உள்ளே வைத்து மூடி, கதவோரம் வைத்தார். அந்தக் கெட்டித்தனத்தை அருந்ததியிடம் சொல்லி மெச்சியும் கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, அருந்ததி வேலைக்குப் போன பிறகு, ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு வந்தது. சப்பாத்துகள் படியேறின. இரண்டு பேர். மூத்தவன் வாசலில் நின்று, “பொலிஸ் றிப்போட் எக கோ?” என்று பதிவைக் கேட்டான்.

நாயகம் உடனே சட்டியை நோக்கிக் குனிந்தார். கதவோரம் மூடி போட்ட எதையோ எடுக்க ஒருவன் குனிந்தால் எந்த ஆமிக்காரன் சும்மா நிற்பான்? “ஏய்! வாடிவென்ன!” என்று மூத்தவன் துவக்கை நிமிர்த்தி, ஸ்டூலைக் காட்டி இருக்கச் சொன்னான்.

நாயகம் பொத்தென்று ஸ்டூலில் குந்தினார். பயத்தில் மூச்சு பல்லிடுக்கால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று போனது.

சாம்பவி தகப்பனைப் பார்த்தாள். ஸ்டூலில் அப்பா இருக்கிறார், அந்தச் சத்தமும் வருகிறது, கைதட்டல் மட்டும் இல்லை. அவள் நிதானமாக நடந்து போய், சட்டியின் மூடியைக் கழற்றி எறிந்து, சட்டையைத் தூக்கிக்கொண்டு அதில் குந்தினாள்.

“ஐயோ, பிள்ளை, வேண்டாம்! அப்பாட குஞ்செல்லே, எழும்பு!” என்று மூன்று வாரமாகக் கெஞ்சியதற்கு நேரெதிராகக் கெஞ்சினார் நாயகம். பிள்ளை எழும்பவில்லை. நிறையப் பால் குடித்திருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் நாயகம் சட்டியைக் கையால் காட்டினார். இளையவன் எட்டிப் பார்த்து, இரண்டு விரலால் தாளின் நுனியைப் பிடித்துத் தூக்கினான். கிளாக் ஐயா நாயகம் தன் கையாலேயே ஊற்றுப் பேனாவால் அழகாக எழுதியிருந்த மூன்று பெயர்களும் நீலமாகக் கரைந்து வழிந்தன. குமிழ்முனைப் பேனாவால் கிறுக்கிய றோஸியின் கையெழுத்து மட்டும் அப்படியே நின்றது.

“மேக காகெத?” இது யாருடைய கையெழுத்து என்று மூத்தவன் கேட்டான்.

நாயகம் படிப்பக்கம் திரும்பினார். அதற்குள் றோஸி படியில் நின்றாள். மேலே நடந்தது காதில் விழுந்ததும், துளி விழப்போகிறது என்று சாட்டினை அள்ளிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். ஆமிக்காரனைப் பார்த்தாள், நனைந்த தாளைப் பார்த்தாள், கடைசியில் குனிந்து பலகையைப் பார்த்தாள். பலகை காய்ந்திருந்தது.

“மகே அத்சன. மே அப்பே கெதர அய, மஹத்தயா” என்றாள். என் கையெழுத்துத்தான், இவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள், ஐயா.

மூத்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை வேறு தாள் எடுக்கும்படி சொல்லிவிட்டுப் படியிறங்கினான். இளையவன் மட்டும் முகத்தைச் சுளித்தபடி றோஸியிடம் சவர்க்காரம் கேட்டு வாங்கிக் கை கழுவினான்.

அவர்கள் போன பிறகு நாயகம் பிள்ளையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அழுதார். றோஸி காய்ந்த பலகையைக் காலால் தடவிப் பார்த்தாள்.

“சரி சரி, அழாதீங்க. புதுத் தாள் கொண்டு வாங்க, சைன் பண்ணித் தாறேன். பிள்ளை பழகிட்டாதானே.”

பிள்ளை பழகித்தான் விட்டாள். ஆனால் ஒன்று, வெறும் சட்டியில் இருக்க மாட்டாள். உள்ளே தாள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் இருப்பாள். பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டால் எடுத்து எறிந்தாள். அதனால் இருபது வருடத்தில் ஒரு தாளைக்கூடத் தொலைக்காத சவுந்தரநாயகம் காலையில் எழுந்ததும் ஊற்றுப் பேனாவை எடுத்து, வெள்ளைத்தாளில் மூன்று பெயரையும் வரிசையாக எழுதி, நாலாக மடித்துச் சட்டியில் வைப்பார். பிறகு ஸ்டூலில் குந்திக் கைதட்டாமல் காத்திருப்பார்.