லாச்சியில் இருந்த சில்லுப் பெயாரிங்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஓர் ஆடி மாதம். கதிர்காமத்துக்குப் போவதற்காகச் சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு கார்களில் புறப்பட்டோம். ஆனால் நான் சொல்லப்போவது கதிர்காமத்தில் நடந்ததல்ல. அன்று நாங்கள் குடாநாட்டைத் தாண்டுவதற்கு முன்பே, பளைக்கும் இயக்கச்சிக்கும் இடையில், காலை எட்டரை மணிக்கு நடந்தது.

முன்னால் போனது என் சகலனின் கார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். அந்தக் காரின் பின்னால் ஒரு சின்ன வீடு உருண்டுகொண்டிருந்தது. பத்தடி நீளம், ஆறடி அகலம். வெளியே நீலம் பூசிய தகரம், உள்ளே பலகை. இரண்டு பக்கமும் திரைச்சீலை போட்ட யன்னல். சுவரோடு மடித்துவிடக்கூடிய படுக்கை. மண்ணெண்ணெய் அடுப்பு வைக்க ஒரு தட்டு. தண்ணீர்க் குடம் சரியாமல் இருக்க அந்தத் தட்டிலேயே வட்டமாக வெட்டிய ஒரு துளை. சகலன் தானே கொப்பியில் படம் கீறி, யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் கொடுத்துச் செய்வித்தது. ஊரில் எல்லோரும் அதை 'றெயிலர் வீடு' என்றார்கள்.

அதன் பின்னால் போனது என் கார். நானும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதில்.

மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிய எனக்குச் சீதனமாகத் தன் காரைக் கொடுத்தார். இளையவளுக்குத் தோட்டக் காணியும் கிணறும் போயின. அப்போது எனக்குத்தான் யோகம் என்றார்கள். ஆசுபத்திரிக்கோ பெண் பார்க்கவோ போவதென்றால் என் வாசலுக்குத்தான் ஆள் வரும். பிறகு வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் நிறுத்தியது. சகலனின் தோட்டத்தில் விளைந்ததை ஏற்றக் கொழும்பு லொறிகள் வந்து நின்றன. அதே கட்டுப்பாடு கார்ச் சாமான்களையும் நிறுத்தியது. என் கார் மாதத்தில் பாதி நாள் கொட்டிலில் நின்றது. காணி வேண்டுமா, கார் வேண்டுமா என்று மாமனார் முதலில் என்னிடம்தான் கேட்டார் என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நான் அப்போது ஒரு தினசரிக்கு மானிப்பாய்ப் பகுதி நிருபர். சனசமூக நிலையக் கூட்டம் முதல் கிணற்றுக்குள் விழுந்த மாடு வரை எதையும் விடாமல் எழுதி அனுப்புவேன். என் செய்தி வந்த பேப்பரில் ஒரு பிரதியை எடுத்து, செய்தியைச் சுற்றிச் சிவப்பு மையால் கோடிட்டு, எத்தனை அங்குலம் என்று அடிமட்டத்தால் அளந்து ஓரத்தில் எழுதிவைப்பது என் பழக்கம். சகலன் அதைப் பார்த்துச் சிரிப்பார். "அண்ணை செய்தியைப் புடைவை மாதிரி அளக்கிறார்" என்பார்.

றெயிலர் வீடு முடிந்த கிழமை பார்க்க வந்த சைக்கிள்கள் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றன. நான் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பேப்பர்க் கந்தோரிலிருந்து ஒருவர், "உங்கடை பக்கத்திலை ஆரோ சில்லிலை வீடு கட்டியிருக்கினமாம், ஏன் எழுதேல்லை?" என்று கேட்டபோது, "அது ஒரு தகரக் கொட்டில், எழுத ஒண்டுமில்லை" என்றேன்.

அதை அவர் ஏன் செய்வித்தார் என்பதும் எனக்குத் தெரியும். மச்சாளுக்கு, அதாவது சகலனின் மனைவிக்கு, அதற்கு முந்திய வருடம் பெரிய சத்திரசிகிச்சை ஒன்று நடந்தது. பிழைத்தால் கதிர்காமத்துக்கு வருகிறேன் என்று நேர்ந்திருந்தாள். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது. படுத்துக்கொண்டு போகத்தான் அந்த வீடு. எல்லாம் தெரிந்திருந்தும், அந்த நீலத் தகரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் காரின் துருப்பிடித்த மட்கார்ட்தான் ஞாபகம் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போய்ப் படுக்கையை மடித்து மடித்து விரிப்பார்கள். என் மனைவி திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பு சகலன் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கொப்பி.

"அண்ணை, நீங்கள் கொழும்புக்கு எத்தினை தரம் கார் ஓடின ஆள். றெயிலரும் இழுத்துக்கொண்டு போறதெண்டால் என்னென்ன சாமான் மேலதிகமாக் கொண்டுபோக வேணும்? நீங்கள் சொன்னால் எனக்குப் பயமில்லை."

கொப்பியை வாங்கி நானே எழுதினேன். பிளக் நாலு, விசிறிப் பட்டி, தண்ணீர்க் குழாய், பல்புகள், வயர். றெயிலரைக் காரோடு கொழுவும் ஆணி இன்னொன்று. அந்த ஆணி கழன்றாலும் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. கிறீஸ் ஒரு பேணி. பெற்றோல் தாங்கி ஒழுகினால் அப்பிவிட ஒரு கட்டி சவர்க்காரம். மொத்தம் பத்தொன்பது சாமான். எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. முதலாவதாக எழுத வேண்டியது எதுவென்று எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை.

அவரே கேட்டார். "சில்லுப் பெயாரிங் ஒண்டு தேவையில்லையே, அண்ணை? றெயிலருக்குப் பழைய காரின்ரை முன் அச்சைத்தான் வெட்டிப் போட்டவங்கள். இடப்பக்கப் பெயாரிங் கொஞ்சம் தேஞ்சு கிடக்காம். உங்கடை காருக்குப் போடுறதுதான் அதுக்கும் சரியாம்."

"உமக்குத் தெரியாதே? உது இப்ப இலங்கையிலையே இல்லை."

"உங்களிட்டை..."

"என்னட்டையோ? இருந்தால் உமக்குத் தராமல் விடுவனே?"

அந்த நாளில் கார் வைத்திருந்த ஒவ்வொருவரின் அலுமாரியிலும் இழுத்துத் திறக்கிற, பூட்டிய லாச்சி ஒன்று இருக்கும். கிடைக்கிற சாமானையெல்லாம் வாங்கி, கிறீஸ் பூசி, பேப்பரில் சுற்றி, நூலால் கட்டி உள்ளே வைப்போம். அவசரத்துக்கு ஒருவரிடம் ஒருவர் கேட்போம், கொடுப்போம். இல்லையென்று சொன்னால் மற்றவர் நம்புவார். திறந்து காட்டு என்று ஒருவரும் கேட்பதில்லை. என் அலுமாரி லாச்சியில் அந்தப் பெயாரிங் இரண்டு வருடமாக இருந்தது. லாச்சியைப் பூட்டிய திறப்பு எப்போதும் என் பொக்கற்றில்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி இதைக் கேட்டாள். கோப்பையை மேசையில் வைத்தாள். அலுமாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"சரி அண்ணை. முருகன் பாத்துக்கொள்ளுவான்" என்று சகலன் கொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

புறப்பட்ட அன்று காலை மச்சாள் றெயிலரில் படுத்துக்கொண்டாள். துணைக்கு அக்கா வேண்டும் என்றாள். என் மனைவி ஏறி அவளுடைய கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஓடுகிற றெயிலருக்குள் ஆட்கள் இருப்பது ஆபத்து என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. நான் மட்டும் யோசித்தேன், வாய் திறக்கவில்லை. திறந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

சாவகச்சேரி, கொடிகாமம், பளை. முப்பது மைல் தூரமும் நான் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த இடப்பக்கச் சில்லைப் பார்த்ததுதான் அதிகம். பளை தாண்டித் தென்னந்தோட்டங்கள் குறையத் தொடங்கிய இடத்தில் சில்லின் நடுவிலிருந்து மெல்லிய புகை வந்தது. அடுத்த வளைவில் சில்லு குடிகாரன் நடப்பதுபோல ஆடியது. நான் ஹோனை அமுக்கியபடி வலப்பக்கத்தால் முந்திப் போய்க் கையைக் காட்டினேன். சகலன் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து மணலில் இறக்கி நிறுத்தினார். நின்ற பிறகு பார்த்தால் சில்லு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இன்னும் கால் மைல் போயிருந்தால் கழன்றிருக்கும். றெயிலர் கவிழ்ந்திருக்கும்.

மச்சாள் யன்னலால் தலையை நீட்டினாள். "அத்தான் பின்னாலை வந்தபடியால் தப்பினம்" என்றாள்.

நான் குனிந்து சில்லைப் பார்த்தேன்.

சகலன் காரின் பின்பக்கத்தைத் திறந்து சாமான் பெட்டியை இறக்கினார். "ஒருவேளை கராஜ்காரன் பெயாரிங் ஒண்டைப் போட்டு விட்டிருப்பானோ" என்று ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தார். நான் எழுதிக் கொடுத்த பத்தொன்பதும் இருந்தன. அவற்றின் கீழே ஒரு துணிப்பை. அதில் பேனையால் 'அண்ணையின்ரை கார்' என்று எழுதியிருந்தது.

உள்ளே என் காருக்குரிய விசிறிப் பட்டி ஒன்று. பிளக் இரண்டு. பெற்றோல் பம்புக்குப் போடுகிற டயபிரம் ஒன்று. அந்த டயபிரத்துக்காக நான் எட்டு மாதம் யாழ்ப்பாணத்துக் கடைகளெல்லாம் அலைந்திருக்கிறேன்.

"இதெங்காலை?" என்றேன்.

"வெங்காய லொறி ஓடுற பொடியன் கொழும்பிலை பஞ்சிகாவத்தைக் கடையிலை எடுத்துத் தந்தவன். உங்கடை கார் பழசெல்லே, அண்ணை. நான் புதுசு மாதிரி ஒண்டிலை போக, நீங்கள் வழியிலை நிண்டால் எனக்குத்தானே வெக்கம்."

சொல்லிவிட்டுத் துணிப்பையைக் கட்டி வைத்தார். பெயாரிங் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மச்சாளைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோய் விடலாம் என்று அவர் சொன்னபோது அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"பொறும். ரவுணிலை ஒரு கடையைத் தெரியும். பாத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காரில் ஏறும்போது என் மனைவி பக்கத்தில் வந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "கடை பூட்டிக் கிடந்தாலும் பறவாயில்லை. திறப்பு உங்கடை பொக்கற்றுக்குள்ளைதானே."

யாழ்ப்பாண ரவுணில் நான் எங்கும் நிற்கவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன், லாச்சியைத் திறந்தேன், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். சரியாக இரண்டேகால் மணித்தியாலம். வழியெல்லாம் ஒரு கதை தயாரித்தேன். மூன்று கடையில் இல்லை, நாலாவது கடையில் கிழவர் ஒருவர் பரணில் தேடி எடுத்தார் என்று. கதை நன்றாகவே வந்தது. செய்தி எழுதிப் பழகிய கை.

சகலன் அதற்குள் ஜாக்கி போட்டு, சில்லைக் கழற்றி, அச்சைத் துடைத்து வைத்திருந்தார். நான் கதையைச் சொன்னேன். "கிழவன் நல்லாயிருக்க வேணும்" என்று பொட்டலத்தை வாங்கி நூலை அறுத்தார். தாளை விரித்தார்.

அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். கிறீஸ் ஊறிய பக்கத்தின் நடுவில் சிவப்பு மைக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில், 'ஆறேகால் அங்குலம்'.

சகலன் தாளைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நேரம் குறித்துப் பழகிய எனக்கு அந்த ஒன்று மட்டும் தெரியாது. பிறகு அதைச் சிவப்புக் கோடு கீழே போகும்படி கவிழ்த்து மணலில் விரித்தார். கழற்றிய நட்டு, வாசர், ஆணி எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக வைத்தார்.

"கடைக்காரன் நல்ல பக்குவமாச் சுத்தித் தந்திருக்கிறான், அண்ணை" என்றார்.

"ஓம்" என்றேன்.

முக்கால் மணித்தியாலத்தில் சில்லு பூட்டியாயிற்று. புறப்படும்போது அந்தத் தாளைக் கசக்கித் தன் காரின் சீற்றுக்குக் கீழே போட்டுக்கொண்டார். ரோட்டோரத்தில் எறியவில்லை. மூன்றாம் நாள் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம். மச்சாள் மாணிக்க கங்கையில் முழுகி, இரு பக்கமும் இரண்டு பேர் பிடிக்க நடந்துபோய்க் கும்பிட்டாள். நான் என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். வீடு திரும்பியதும் சகலன் அந்தத் துணிப்பையை என் காருக்குள் வைத்துவிட்டுப் போனார். அந்த டயபிரம்தான் காரை விற்கும்வரை ஓடியது.

அடுத்த மாதம் றெயிலர் வீட்டைப் பற்றி ஒரு செய்தி எழுதி அனுப்பினேன். நீள அகலம், யன்னல், குடம் வைக்கிற துளை, எதையும் விடவில்லை. பேப்பர் வந்த அன்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முழுவதையும் வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, சிவப்பு மை முடிஞ்சு போச்சோ?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அதற்கு மேல் அவர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு, அதுவும் பெயர் போடாமல், இப்போதுதான் எழுதுகிறேன். அன்றோடு என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. அவருடைய காணியும் றெயிலரும் என் மனதை விட்டுப் போய் வெகுகாலமாயிற்று. ஆனால் கையில் கிடைத்த அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட அவரால் எப்படி முடிந்தது என்று நினைக்கும்போது, எனக்கு அவர்மேல் இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.